ஆள் இருக்கிற ஊர்கள்

அன்று நடந்தவற்றை வரிசையாகச் சொல்லச் சொன்னால் பவித்ரா தடுமாறுவாள். பேனர் வந்தது முதலிலா, சித்தப்பா கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தது முதலிலா என்பது அவளுக்கு இப்போதும் உறுதியில்லை. யாரோ கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டதும், பிறகு அந்த டம்ளரை எங்கே வைத்தோம் என்று வெகுநேரம் தேடியதும்தான் நிச்சயம். ஆகவே பேனரிலிருந்து தொடங்குவது தவறாக இருந்தாலும் இருக்கலாம்.

மின்கம்பத்துக்கும் எதிர்வீட்டு முருங்கைக்கும் நடுவில் இரண்டு பேர் அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. கொன்னைநத்தம் கண்ணையன். ஓய்வுபெற்ற மைன்ஸ் ஆபரேட்டர். அப்பா அதில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிற ஒரே படம் அது. இரண்டு வருடத்துக்கு முன் வியட்நாமில், ஹோய் ஆன் என்ற பழைய ஊரில், பவித்ராவே எடுத்தது. படத்தில் அவருக்குப் பின்னால் மஞ்சள் சுவரும் கருத்துப்போன மரக்கதவும் இருந்தன. வலது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. பேனர் கடைக்காரர் வீட்டை வெட்டியெடுத்துவிட்டு மேகம் வைத்திருந்தார். மேகத்தில் இரண்டு வெள்ளைப் புறாக்கள். அப்பாவின் கை மட்டும் எதையோ பிடித்தபடி, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது.

"அந்த வூட்ட ஏன் சித்தப்பா எடுத்தீங்க?"

சோமசுந்தரம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தம்பி, காலனி சங்கத்துச் செயலாளர். சாவு என்றால் பேனர், பந்தல், ஐஸ் பெட்டி எல்லாம் அவர் பொறுப்பு.

"எந்த வூடு?"

"ஃபோட்டோல பின்னால இருந்துச்சே."

"அது எவன் வூடோ. சாவு பேனர்ல எவன் வூட்டயோ போடுவாங்களா பாப்பா? புறா நல்லாத்தான இருக்குது."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். சொல்ல நிறைய இருந்தது.

உள்ளே ஐஸ் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. அம்மா, அமிர்தம், அதன் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றிலும் இருந்த பெண்கள் பேசினார்கள்.

"ரிட்டயர் ஆனவங்க காசிக்குப் போவாங்க, ராமேஸ்வரம் போவாங்க. இவரு எங்கியோ சீனாக்காரன் ஊருக்குப் போனாரு."

"சீனா இல்லடி, அது வேற."

"எதா இருந்தா என்னா. பாம்பு திங்கறவங்க ஊருதான. இன்னும் நாலு ஊரு போறேன்னு சொல்லினு இருந்தாராம். போயிட்டாரு பாரு, டிக்கெட் இல்லாம."

இரண்டு பேர் சிரிப்பை முந்தானையில் மறைத்தார்கள். பவித்ரா எழுந்து அப்பாவின் மேசைப் பக்கம் போனாள். இழுப்பறையில் அந்த நோட்டு இருந்தது. ஷிஃப்ட் ரிப்போர்ட் எழுதுகிற நீளமான நோட்டு. ரிட்டயர் ஆகிற அன்று யாரோ கொடுத்த வெற்று நோட்டில் அவர் ஊர்களை எழுதி வைத்திருந்தார். ஊர்ப் பெயர், நாடு, எத்தனை வருஷத்துப் பழசு, எப்படிப் போவது. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: ஆள் இருக்கிறார்களா?

காலி, இலங்கை. கோட்டைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம்கூட உண்டு. சரி.

மலாக்கா, மலேசியா. ஆள் உண்டு. நம்ம ஜாடையிலும் ஆள் உண்டு. சரி.

லுவாங் பிரபாங், லாவோஸ். ஆள் உண்டு. பனியில் போகக்கூடாது, மூட்டு வலி.

தொலைக்காட்சியில் காட்டிய பெரிய பெரிய இடங்களையெல்லாம் எழுதிவிட்டு அடித்திருந்தார். மலை உச்சியில் இருக்கிற கல் நகரம்: ஆள் இல்லை, வேண்டாம். காட்டுக்குள் இருக்கிற கோயில் நகரம்: ஆள் இல்லை, வேண்டாம். அவள் ஒருநாள் கேட்டிருக்கிறாள், உலகமே போய்ப் பார்க்கிறதே, நமக்கு ஏன் வேண்டாம் என்று. "ஆள் இல்லாத ஊரப் பாக்க எதுக்கும்மா ப்ளேன் ஏறணும்? அதான் இங்கியே இருக்குதே" என்றார்.

இங்கே இருப்பது என்று அவர் சொன்னது கொன்னைநத்தத்தை. அது இப்போது சுரங்கம். முந்நூறு வீடு, ஒரு ஏரி, ஒரு மாரியம்மன் கோயில் இருந்த இடத்தில் பல பனை ஆழத்துக்குப் பள்ளம். இருபத்தேழு வருடத்துக்கு முன் ஊரைக் காலி செய்து இந்தக் காலனிக்கு வந்தார்கள். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். நிலம் கொடுத்ததற்குக் கிடைத்த வேலையில் கண்ணையன் இருபத்திரண்டு வருஷம் இருந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரிட்டயர் ஆனதும் காலனி மனையில் வீடு கட்டி வந்தார். காலனிக்குப் பின்னால், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேல்மண் மலைபோல் நிற்கும். அதில் கொன்னைநத்தமும் எங்கேயோ இருக்கும் என்பார்.

வரும்போது ஊரார் ஒரே ஒரு பொருளைத்தான் பொதுவில் எடுத்து வந்தார்கள். பாடை இறக்கும் கல். ஆள் நீளத்துக்குப் படுத்த கருங்கல். ஊர் எல்லையில் கிடந்தது. சவத்தை அதன்மேல் இறக்கி, தலைமாடு கால்மாடாகும்படி திருப்பித் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவார்கள். செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்பி வரும் வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. அந்தக் கல்லை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து காலனித் தெரு முடிகிற இடத்தில் போட்டவர் சோமசுந்தரம். அதிலிருந்து காலனியில் செத்த ஒவ்வொருவரும் அங்கேதான் திருப்பப்பட்டார்கள்.

பவித்ரா தம்பியைத் தேடிப்போனாள். மணிமாறன் பின்கட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றான். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை அள்ளுவது. நகக்கண்ணில் எப்போதும் கருப்பு இருக்கும்.

"மணி. அப்பா எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்காரு."

"என்னா?"

"என்னிய அந்தக் கல்லுமேல எறக்காதீங்கன்னு."

அவன் துண்டை முறுக்கிப் பிழிந்தான். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தான்.

"எங்கிட்ட சொல்லலியே."

"அங்க சொன்னாருடா. ஹோய் ஆன்ல."

"ஆமா. உன்னதான கூட்டினு போனாரு."

"உனக்கு லீவு கெடைக்கல."

"கேட்டாதான கெடைக்கும். கேளுன்னு அவரு ஒரு வார்த்த சொல்லல." துண்டை உதறினான். "சித்தப்பாகிட்ட நீயே சொல்லிக்கோ. இன்னைக்கி என்னால யாருகிட்டயும் மல்லுக்கு நிக்க முடியாது."

அவள் சொன்னாள். பந்தலில், பத்து ஆண்களுக்கு நடுவில்.

சோமசுந்தரம் முதலில் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"கல்லுல எறக்காம? வேற எங்க எறக்கறது, ஆர்ச் கேட்டுலயா?"

யாரோ சிரித்தார்கள்.

"எறக்கவே வேணாம் சித்தப்பா. அப்படியே எடுத்துனு போங்க."

"திருப்பாம எடுத்துனு போனா என்னா ஆவும் தெரியுமா? உனக்கு எங்க தெரியும். ப்ளேன்ல போனவ. இத பாரு பாப்பா, ஊர விட்டு வரும்போது ஒருத்தன் கதவப் பேத்தான், ஒருத்தன் ஓட்டப் பிரிச்சான். அவனவன் பொழப்ப அவனவன் பாத்தான். நாந்தான் அந்தக் கல்லக் கொண்டாந்தேன். அதுவும் இல்லன்னா நாம யாரு? எங்கேர்ந்து வந்தவங்க? உங்கப்பன் ஊரு ஊரா சுத்தினாரே, நான் ஒரு வார்த்த கேட்டேனா? சாவுலயாச்சும் ஊரோட இருக்கட்டும்."

அவர் குரல் கடைசியில் உடைந்தது. அதனால்தான் பவித்ராவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் அழாமல் இருந்திருந்தால் அவளால் கத்தியிருக்க முடியும்.

அந்த வீட்டைப் பற்றி இவர்களிடம் எப்படிச் சொல்வது? ஹோய் ஆனில் ஆற்றங்கரைத் தெருவில் இருந்த வீடு. ஏழெட்டுத் தலைமுறையாக ஒரே குடும்பம். உள்ளே நடுமுற்றத்துச் சுவரில் கோடு கோடாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் வருஷம் எழுதியிருந்தார்கள். அந்தந்த வருஷம் வெள்ளம் வந்து நின்ற உயரம். ஒரு கோடு அப்பாவின் தலைக்கு மேல் இருந்தது. மச்சில் ஒரு திறப்பு. தண்ணீர் வந்தால் சாமான்களைக் கயிறு கட்டி அதன் வழியாக மேலே ஏற்றிவிட்டு, வடிந்ததும் இறக்கிக் கழுவிக்கொண்டு மறுபடி வாழ்கிறார்கள். டூர் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா போகவில்லை. கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரப் பெண் தேநீர் கொண்டுவந்தபோது, டூர் மேனேஜரிடம், "இந்த வூட்ட யாரும் எடுத்துக்கல்லியான்னு கேளுங்க தம்பி" என்றார்.

மேனேஜர் ஏதோ இங்கிலீஷில் கேட்டான். அந்தப் பெண் சிரித்தாள்.

"வெலைக்கி வாங்க நெறைய பேரு வர்றாங்களாம் சார். குடுக்கறதில்லையாம்."

"வாங்கறதக் கேக்கல தம்பி. எடுத்துக்கறது."

அது அவனுக்குப் புரியவில்லை. அப்பா விட்டுவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தது அதற்குப் பிறகுதான். அது என்ன சிரிப்பு என்று பவித்ரா பலமுறை யோசித்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆற்றுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"நம்ம ஊருகிட்ட மிஷின் வந்தன்னைக்கி எனக்குத்தான் ஷிஃப்டு."

பக்கெட் வீல் என்பார்கள் அந்த எந்திரத்தை. பல்வைத்த வாளிகள் சக்கரமாகச் சுற்றி மண்ணை வெட்டும். அவர் அதன் கேபினில் இருந்தார்.

"வூடெல்லாம் அதுக்கு முன்னாடியே இடிச்சாச்சு. தரைதான் இருந்துச்சு. வெட்டினு போறப்ப மண்ணுக்குள்ள நம்ம கெணத்து உறை தெரிஞ்சுது. வட்ட வட்டமா, மேலேர்ந்து கீழ வரைக்கும். எங்கப்பா எறக்கின உறை. தண்ணி ஒரு கோடு மாதிரி வடிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. மிஷின நிறுத்தினா பெல்ட் நிக்கும். பெல்ட் நின்னா ஏன்னு கேப்பாங்க. என்னான்னு சொல்றது? எங்க கெணறு தெரியுதுன்னா?" கையைத் தேய்த்துக்கொண்டார். "முந்தின நாளே லீவு சொல்லியிருக்கலாம். சொல்லல."

படகுகள் போயின. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

"சோமு அந்தக் கல்லத் தூக்கியாந்து போட்டுக்கினு இதான் ஊரு எல்லங்கறான். கல்லு வந்துட்டா எல்ல வந்துருமா? என்னிய அதும்மேல எறக்க வேணாம்னு சொல்லு. நான் இருந்த ஊருக்கு வழி மறக்கணும்னா, அது எந்தப் பக்கம்னு அவன் மொதல்ல காட்டட்டும்."

மூன்று மணிக்குப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். குளிப்பாட்டி, கோடித்துணி போட்டு, பாடையில் வைத்தார்கள். மணிமாறன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். சங்கு ஊத பாவாடை வந்திருந்தார். அவரும் கொன்னைநத்தத்துக்காரர், ஊரின் கிழக்கே இருந்த சேரித்தெரு. கூலிக்கு உழுத ஜனம். நிலம் இல்லாததால் மனை மட்டும் கிடைத்தது. கான்ட்ராக்டில் இருபது வருஷம் மண் அள்ளி இப்போது வீட்டில் இருக்கிறார். மகன் ஹோசூரில் வேலை. சாவுக்குச் சங்கு ஊதப் போகாதே என்று மகன் சண்டை பிடிக்கிறான். கண்ணையனுக்கு மட்டும் ஊதுகிறேன் என்று வந்திருந்தார்.

தெருவில் ஷிஃப்ட் பஸ் ஒன்று ஓரங்கட்டி நின்றது. ஜன்னலில் சீருடை முகங்கள். சிலர் எழுந்து நின்றார்கள்.

பெண்கள் தெருமுனை வரைதான் வரலாம். தெருமுனையில்தான் கல் இருந்தது. பவித்ரா எல்லோரையும் முந்திக்கொண்டு நடந்தாள். திட்டம் எதுவும் இல்லை. கல்லைப் பார்த்ததும், அதன்மேல் யாரோ சற்றுமுன்தான் தண்ணீர் தெளித்துக் கழுவி வைத்திருந்ததைப் பார்த்ததும், அவள் நடையைக் கூட்டினாள். போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேளம் நின்றது.

"ஏய்! எழுந்திரு."

அவள் எழவில்லை. ஈரத்துக்கு அடியில் கல் சுட்டது.

"பொம்பள உக்கார்ற எடமா அது? பவித்ரா, மரியாதையா எழுந்திரு. தோள்ல பொணத்த வச்சுக்கினு நிக்கறாங்க."

"நிக்க வேணாம் சித்தப்பா. போவச் சொல்லுங்க."

"யாரக் கேட்டுக்கினு?"

"அவரத்தான். அவருதான் சொன்னாரு. எல்ல அங்க இருக்குது." கையை நீட்டினாள். காலனிக்குப் பின்னால் மண்மலை நின்றது. அதற்கும் அப்பால் புகைபோக்கிகள். "இல்ல, எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா காட்டுங்க. நான் எழுந்துக்கறேன்."

சோமசுந்தரம் பாவாடையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. கல்லு ஊரு கல்லுதான? பொய்யா?"

பாவாடை சங்கைத் துண்டில் துடைத்தார்.

"கல்லு ஊரு கல்லுதாங்க. உங்க ஆளுங்களுக்குப் போட்ட கல்லு. எங்க சாவு இதும்மேல என்னைக்கி எறங்குச்சு? எங்களுக்கு வாய்க்கா வழி." மணிமாறனைப் பார்த்தார், பிறகு பாடையை. "எனக்கு அந்த ஊரு வேணாங்க. அந்தத் தெருவுல நான் செருப்பு போட்டு நடந்ததில்ல. கண்ணையன் அண்ணன் அத நெனச்சு ஏங்குவாரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எல்ல இதுன்னு சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேன். இது நெல்லிக்குப்பத்தான் ஒருத்தன் முந்திரி வச்சிருந்த கொல்ல."

"எல்லாரும் நல்லாப் பேசுறீங்கய்யா." சோமசுந்தரம் கத்தினார். "ஊரு போச்சு, எல்ல போச்சுன்னு இன்னைக்கி அழுவறீங்களே, அந்த ஊரத் தோண்டினது யாரு? இவங்கப்பன் ஓட்டின மிஷினுதான? அவரு தோண்டுவாரு, அப்புறம் அவரே வெளிநாட்டுக்குப் போயி பழைய ஊரப் பாத்துட்டு வருவாரு, நாங்க கல்லக் கட்டினு அழுவணுமா?"

பஸ்ஸின் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பாடை தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். சித்தப்பா சொன்னது உண்மை. உண்மை என்பதாலேயே அதைச் சொல்ல அவருக்கு உரிமை வந்துவிடுமா என்று பவித்ராவால் அப்போது கேட்க முடியவில்லை.

மணிமாறன் கொள்ளிச்சட்டியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"நானும் தோண்டிக்கினுதான் இருக்கேன் சித்தப்பா" என்றான். "நைட் ஷிஃப்டு உங்க பையன்கூட."

பிறகு நடந்தான். கல்லைச் சுற்றிக்கொண்டு, அக்காவைப் பார்க்காமல், சுடுகாட்டுப் பாதையில் இறங்கினான். நெருப்பு போனால் பாடை பின்னால் போயாக வேண்டும். தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல் ஆள் காலை எடுத்து வைத்தான்.

"திருப்பாம போறீங்களேடா!" சோமசுந்தரம் குறுக்கே ஓடினார். "பாவிங்களா, திரும்பி வந்துருவாருடா!"

"வரட்டும்."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். அமிர்தம் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தாள். விடிகாலையிலிருந்து பேசாத தொண்டை, குரல் பிசிறடித்தது.

"வந்தா வரட்டும். வழி விடுங்க தம்பி."

பாவாடை சங்கை எடுத்து ஊதினார். பாடை அப்படியே, தலை வீட்டைப் பார்த்தபடி, போயிற்று. பவித்ரா கல்லிலிருந்து எழுந்தபோது சேலையின் பின்புறம் ஈரமாக இருந்தது. கல்லில் ஈரம் காயவில்லை.

சோமசுந்தரம் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவில்லை. அவர் மகனும் மணிமாறனும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்கள். மணிமாறன் இன்னும் கான்ட்ராக்ட். பாவாடை தை மாதம் ஹோசூரில் மகன் வீட்டில் இறந்தார். அங்கேயே மின்மயானத்தில் எரித்துவிட்டார்கள். காலனியில் அதற்குப் பிறகு மூன்று சாவு. இரண்டைக் கல்லில் இறக்கினார்கள், ஒன்றை இறக்கவில்லை. பவித்ரா டவுன்ஷிப்பில் கணவனோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். போன மாசி மாதம் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்து இலங்கைக்கு, காலிக்கு, கூட்டிப்போனாள். கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டு வாசற்படியில் அமிர்தம் வீட்டுக்காரர்களைக் கேட்காமலே உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பேனரை மணிமாறன் அவிழ்த்து மடித்து வைத்திருந்தான். மழை வந்ததும் பின்கட்டில் விறகின்மேல் போட்டுக் கட்டினான். புறா இருந்த பக்கம் கிழிந்துவிட்டது. கை இருக்கிற பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது.